எல்லை தாண்டிக் குடியேறுகிறீர்களா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலில் வழி பண்ணுங்கள்

பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள், கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வாழ வந்தவர்கள், குமுளியில் கடை போட்டவர்கள், ஏலத்தோட்டத்து லயத்தில் குடும்பத்தோடு தங்கியவர்கள் எல்லோருமே வந்த மாதம் விசாரிப்பது வீட்டு வாடகையையும் பள்ளிக்கூடத்தையும்தான். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி யோசனை வருவது வீட்டில் ஒருவர் படுத்த பிறகு. அப்போது யோசித்துப் பிரயோசனமில்லை. இன்றைக்கு எடுத்த பாலிசி இன்றைய நோய்க்கு உதவாது.

நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்சூரன்ஸ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கவுண்டரில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே சிக்கல்: குடியிருப்பு ஒரு மாநிலத்தில், அட்டை இன்னொரு மாநிலத்தில், சிகிச்சை வேறெங்கோ. பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம்தான். ஆனால் அரசுக் காப்பீட்டைப் பொறுத்தவரை வாளையார் செக்போஸ்ட் வெளிநாட்டு எல்லைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதைப் பார்த்துக் காப்பீடு எடுக்காதீர்கள். பெரிய சீக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம் என்பதைப் பார்த்து எடுங்கள்.

எங்கே ஓடுவீர்கள்?

கேரளத்தில் அரசு மருத்துவத்துக்கு நல்ல பேர் உண்டு, அது சும்மா வந்த பேரும் இல்லை. ஆனாலும் மெடிக்கல் காலேஜ் வார்டுகளில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் பரவும் ஜூன், ஜூலையில் கூட்டம் தாங்காது. ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். இடுக்கியில் இன்னும் சிரமம். ரயிலே எட்டிப் பார்க்காத மலை மாவட்டம் அது. குமுளியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் மலைப்பாதையில் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். கம்பம் வழியாக இறங்கித் தேனி மெடிக்கல் காலேஜுக்கு வந்தால் தூரம் நன்றாகவே குறையும். கிழக்குப் பாலக்காட்டுக்காரர்களுக்கும் இதே கதை: இருதயம், சிறுநீரகம், தலையில் அடி என்றால் திருச்சூரைவிட கோயமுத்தூர்தான் கைக்கெட்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் மட்டும் தலைகீழ். அங்கே கன்னியாகுமரிக்காரர்களே புற்றுநோய்க்கும் மூளை நரம்புக்கும் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள்.

ஒரு தாளை எடுத்து மூன்று ஆஸ்பத்திரிப் பெயரை எழுதுங்கள். பாதிராத்திரி அவசரத்துக்கு ஒன்று, பெரிய ஆபரேஷனுக்கு ஒன்று, பிரசவத்துக்கோ குழந்தைக்கோ ஒன்று. இனிமேல் சொல்லப்போகும் எல்லாவற்றையும் அந்த மூன்று பெயரோடு ஒட்டிப் பாருங்கள்.

தமிழ்நாட்டு அட்டையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஊரில் இன்றும் கலைஞர் காப்பீடு என்றே சொல்கிறார்கள், 2009-இல் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும்தான் அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் அது செல்லும். கோயமுத்தூரும் தேனியும்தான் நீங்கள் ஓடப்போகும் இடங்கள் என்றால் அந்த அட்டையின் மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே வந்ததும் வீட்டுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, "அந்த ரேஷன் கார்டை ஒப்படைச்சுட்டு இங்க ஒண்ணு வாங்கிடுங்க, அரிசி வாங்க வேண்டாமா" என்பார்கள். அரிசிக்காக அவசரம் வேண்டாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் முன்னுரிமைக் கார்டுக்காரர்கள் கைரேகை வைத்து இங்கேயே மத்திய அரசின் அரிசியை வாங்கலாம். கார்டை ஒப்படைத்தால் அதோடு காப்பீடும் போகும். கேரளத்தில் புதுக் கார்டு கிடைத்தாலும், முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளை நிறக் கார்டு. அதை வைத்துக்கொண்டு இங்கே எந்த இலவசக் காப்பீட்டுக்கும் போய் நிற்க முடியாது.

குடும்பத் தலைவர் மட்டும் கஞ்சிக்கோட்டில் ரூம் எடுத்துத் தங்கி, பெண்டாட்டி பிள்ளைகள் கிணத்துக்கடவில் இருந்தால் கேள்வியே இல்லை, தமிழ்நாட்டு அட்டை தொடரட்டும். குடும்பமே நிரந்தரமாக இந்தப் பக்கம் வந்துவிட்டால் என்றைக்காவது மாற்றத்தான் வேண்டும், திட்டம் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கானது. அப்படி மாற்றும் முன்னால் வேறு காப்பீடு ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மாநிலத்திலும் ஒவ்வொரு கார்டு வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. ஆதார் வந்த பிறகு அந்த வித்தை பலிக்காது, சட்டப்படியும் தப்பு.

கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. அதுவும் 5 லட்சம்தான். ஆனால் பழைய பட்டியல்களை வைத்தே குடும்பங்களைச் சேர்த்தார்கள். இன்றைக்கு வந்து குடியேறியவர் அடுத்த வருடம் அதில் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கல்யாணமாகி வந்த பெண்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. புகுந்த வீட்டுக்கு ஏற்கெனவே அட்டை இருந்தால் உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் திட்டக் கவுண்டரில் கேளுங்கள். கல்யாணப் பதிவுச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கேரள அட்டைகளில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பங்கு உள்ளவையும், மாநிலம் மட்டுமே செலவு செய்பவையும் கலந்து கிடக்கின்றன. வெளிமாநிலத்தில் செல்வது முதல் வகை மட்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உங்களுடையது எது என்று 14555-க்கு அழைத்துக் கேட்டால் சொல்வார்கள். எல்லை தாண்டிய பிறகு ஆம்புலன்ஸிலிருந்து கேட்காதீர்கள்.

வீட்டில் 70 வயது நிறைந்த அப்பாவோ அம்மாவோ இருந்தால், 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் வருமானம் பார்க்காமல் அவர்களுக்கு 5 லட்சம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் இது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அந்த மூன்று ஆஸ்பத்திரிகளில் யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

சம்பளக்காரர்களுக்கு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். இது மத்திய அரசுச் சட்டம் என்பதால் எல்லைக்காரனுக்கு இதைவிட ஒத்துவரும் ஏற்பாடு வேறில்லை. நீங்கள் கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்தாலும், பொள்ளாச்சியில் இருக்கும் குடும்பம் அங்கேயே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு செய்யும்போதே குடும்பத்தினர் எல்லோர் பெயரையும் ஆதாரோடு சேர்த்து, அவர்கள் வேறு மாநிலத்தில் இருப்பதாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள் இதைத் தாங்களே முன்நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், போய்க் கேட்டால் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். காப்பீட்டு எண்ணை வாங்கி முதல் மாதமே சரிபாருங்கள்.

சேர்ந்த மறுநாளே பைபாஸ் ஆபரேஷன் கிடைத்துவிடாது, பெரிய சிகிச்சைகளுக்குச் சில மாதச் சந்தா நாட்கள் ஆகியிருக்க வேண்டும். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்த மாதமே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு மாதப் பருவம் உண்டு, அது முடியும் வரை சந்தா ஓடும். சம்பள உயர்வு கேட்டுச் சந்தோஷப்படுகிற அன்றே தனிப் பாலிசிக்கு எழுதிக் கொடுத்தால், இ.எஸ்.ஐ. விடுகிற நேரத்தில் அது கைகொடுக்கும். இந்த இடைவெளியில் விழுந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குரூப் பாலிசி நல்லதுதான், ஆனால் வேலையை விடும் நாளோடு சரி. விலகுவதற்கு முன்னாலேயே அதே நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள். பாலக்காடு, இடுக்கித் தமிழ்வழிப் பள்ளிகளில் அரசு ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு, கேரள அரசு ஊழியர்களுக்கான மெடிசெப் காப்பீடு தானாகவே வந்துவிடும். அவர்களும் அதன் ஆஸ்பத்திரிப் பட்டியலில் எல்லைக்கு அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

தினக்கூலிக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள் விஷயத்தில் நாமும் இங்கே வெளிமாநிலத் தொழிலாளிதான். கேரளத் தொழிலாளர் துறை 2017-இல் கொண்டுவந்த ஆவாஸ் திட்டத்தில் தமிழருக்கும் இடமுண்டு. சிகிச்சைக்குக் கிடைப்பது சிறிய தொகைதான், விபத்தில் இறந்தால் 2 லட்சம். காசில்லாமல் கிடைப்பதை விடுவானேன், பதிந்து வையுங்கள். கூடவே பேங்க் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமாவும். 18 முதல் 70 வயது வரை யாரும் சேரலாம், விபத்துச் சாவுக்கு 2 லட்சம். ஜூன் முதல் தேதி கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் திட்டம் அற்றுப்போனவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.

தனியார் பாலிசி எடுக்கும்போது

இதில்தான் பணமும் சண்டையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய கோட்டேஷனை வைத்துக்கொண்டு வரி சேர்த்துச் சொல்லும் ஏஜென்ட்டிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

முதலில் நெட்வொர்க் பட்டியல், அதாவது காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள். ஏஜென்ட், "கேரளா, தமிழ்நாடு ரெண்டுலயும் ஆயிரக்கணக்குல ஆஸ்பத்திரி இருக்குங்க" என்பார். ஆயிரம் நமக்கெதற்கு? உங்கள் தாளில் இருக்கும் மூன்றும் உண்டா என்பதுதான் கேள்வி. அதை ஏஜென்ட்டிடம் கேட்பதைவிட ஆஸ்பத்திரி கவுண்டருக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஒப்பந்தம் முறிந்துபோனது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். 2024 ஜனவரியிலிருந்து பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் நிறுவனமே பில்லைக் கட்டுவது) கேட்கலாம் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. முன்கூட்டித் திட்டமிட்ட அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி சம்மதிக்க வேண்டும் என்பதால் அதை இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜோன். பல நிறுவனங்கள் ஊர்களை ஜோன்களாகப் பிரித்து பிரீமியம் போடுகின்றன. சிறிய ஊர் விலாசம் கொடுத்தால் பிரீமியம் குறையும். ஆனால் அந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு பெரிய நகரத்தில் படுத்தால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்று சிலவற்றில் எழுதியிருப்பார்கள். எல்லைக்காரர்களை இது நேராக அடிக்கும். கொழிஞ்சாம்பாறை விலாசம், சிகிச்சை கோயமுத்தூரிலோ கொச்சியிலோ. "ஜோன் மாறினால் கோ-பே உண்டா?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே தமிழ்நாட்டு விலாசத்தில் பாலிசி இருந்தால் ரத்து செய்ய வேண்டாம், விலாசத்தை மட்டும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். காத்திருப்புக் காலம் எல்லாம் கழிந்த பழைய பாலிசி சொத்துக்குச் சமம்.

ரூம் வாடகை வரம்பு. சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, பில்லைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். கணக்காகவே சொல்கிறேன். 3 லட்சம் பாலிசி, ரூம் வரம்பு தொகையில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்தீர்கள். ரூமுக்கு 24,000 ஆயிற்று, அதில் 12,000 கிடைக்கும். அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாம் சேர்ந்து 80,000 என்றால், ரூம் எந்த விகிதத்தில் மிஞ்சியதோ அதே விகிதத்தில் அதுவும் வெட்டுப்படும்: கிடைப்பது 40,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை 60,000-ஐ அப்படி வெட்டக் கூடாது, அது முழுதாக வரும். ஆக 1,64,000 ரூபாய் பில்லில் 1,12,000 வந்து, 52,000 கையை விட்டுப் போகும். பாலிசித் தொகை 3 லட்சத்தில் பாதிக்கு மேல் தொடாமலே கிடக்கிறதே என்று கேட்டால் பதில் இல்லை. ரூம் வரம்பே இல்லாத பாலிசி எடுங்கள். முடியாவிட்டால் வரம்புக்குள் இருக்கும் ரூமில் படுங்கள். "அப்பன் ஏசி இல்லாம இருக்க மாட்டாருங்க" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இந்தக் கணக்கை எழுதிக் காட்டுவேன்.

காத்திருப்புக் காலம்: எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் கிடையாது. ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று போன்ற பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் 2 வருடம். முன்பே இருக்கும் நோய்க்கு 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 வருடம்தான், அதற்கு முன் 4 வருடமாக இருந்தது. அதனால் சுகரோ பிரஷரோ இருந்தால் ஊர் மாறுவதற்கு முன்பே எடுங்கள், மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, மறைத்தீர்கள் என்று சொல்லி கிளைமை மறுக்க முடியாது. பாலிசி கைக்கு வந்த பிறகு 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். அந்த 30 நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மறுப்புகள் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சில நூறு ரூபாய்க்கு "ஹெல்த் கார்டு" என்று வீட்டு வாசலில் விற்கிறார்களே, அது காப்பீடே அல்ல. பில்லில் தள்ளுபடி தரும் சீட்டு.

பாலிசி 3 லட்சம் போதாது, 10 லட்சத்துக்கு வசதி இல்லை என்பவர்கள் சூப்பர் டாப்-அப் பாருங்கள். முதல் 3 அல்லது 5 லட்சத்தை அடிப்படைப் பாலிசி பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் இது. பிரீமியம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

அட்மிஷன் அன்று

பாலிசி அட்டை, ஆதார், பழைய சீட்டுகள், இவை ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். கேரள அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மலையாளத்தில் இருந்தாலும் கொண்டுவாருங்கள். எல்லையோர ஆஸ்பத்திரிகளில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கேஷ்லெஸ் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள். 2024 மே மாத உத்தரவு அது. தாமதமானால் கவுண்டரில் கோபப்படுங்கள், தப்பில்லை, எங்களுக்கும் அது உதவும். ஆனால் கோபத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் மெயிலுக்கும் அனுப்புங்கள்.

டியூட்டி டாக்டரிடம் பேசும்போது கவனம். வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெரியவரை மகள் கூட்டி வந்தது. மூச்சு வாங்கல். இளம் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "சுகர் எத்தனை வருஷமா?" பதற்றத்தில் அந்தப் பெண், "அது ஆச்சுங்க டாக்டர், ஒரு பத்து வருசமிருக்கும்" என்றது. அந்தப் 'பத்து' கேஸ் ஷீட்டில் ஏறியது. பாலிசி எடுத்து நான்கு வருடம்தான், அதில் சுகர் இல்லை என்று எழுதியிருந்தது. மறுநாள் மறுப்பு மெயில்: முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள். உண்மையில் பெரியவருக்கு சுகர் கண்டுபிடித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பஞ்சாயத்து ஆரோக்கிய நிலையத்தில் கொடுத்த நோட்டு ஒன்று மகளின் பீரோவில் இருந்தது. அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டது. முதல் பக்கத்தில் முதல் பரிசோதனைத் தேதியும் சீலும். "அம்மிணி, அதை உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றேன். அதை வைத்துத்தான் டாக்டர் திருத்தக் குறிப்பு எழுதினார், கிளைமும் பாஸானது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் குத்துமதிப்பாக வருடம் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன், நோய் வரலாறு என்ற பத்தியை மட்டுமாவது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேரள ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பவர் ஒருவர் இரவும் பகலும் வேண்டும், பைஸ்டாண்டர் என்பார்கள். அவருடைய சாப்பாடு, கட்டில் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. கையுறை, ஊசி, பஞ்சு வகையறாவும் தனி ரைடர் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் பகுதி) இல்லாமல் பெரும்பாலும் வராது. அதற்கென்று கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

ரோட்டில் விபத்து நடந்தால்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. 2021 டிசம்பரில் வந்தது. அதே ஜீப் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கவிழ்ந்தால் அது கிடையாது. ஆனால் 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், நாட்டில் எந்தச் சாலையிலும் மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாளைக்கு 1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு, அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில். போலீஸுக்குத் தகவல் போயிருக்க வேண்டும் என்பதால் ஆம்புலன்ஸுக்குச் சொன்ன கையோடு 112-க்கும் சொல்லுங்கள். 108 தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றுக்கும் ஒரே நம்பர்தான். எல்லையில் செல்போன் டவர் மாறி, அழைப்பு அடுத்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போவது உண்டு. ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாத்திரையும் ஆயுர்வேதமும்

மாதாமாதம் வாங்கும் சுகர், பிரஷர் மாத்திரைக்குப் பெரும்பாலான பாலிசிகள் ஒரு பைசா தராது. ஊரில் இருந்தவரை மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்திருக்கும். இங்கே அதற்குப் பதில் உங்கள் பஞ்சாயத்தின் குடும்ப ஆரோக்கிய கேந்திரம். வார்டுக்கு ஓர் ஆஷா ஒர்க்கர் உண்டு. குடிவந்த வாரமே அவரிடம் பெயர் கொடுங்கள். மாத்திரையோடு மேலே சொன்ன நோட்டும் கிடைக்கும்.

ஆயுர்வேதத்துக்கும் 2024 முதல் அலோபதிக்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காகக் கர்க்கடக மாத எண்ணெய்க் குளியலுக்கு கிளைம் போடாதீர்கள். நோய்க்காக, பதிவு பெற்ற ஆஸ்பத்திரியில், 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாக இருந்தால்தான்.

ஆந்திரப் பக்கம் போகிறவர்களுக்கு

நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், ஆந்திரச் சித்தூர், இவையெல்லாம் தமிழ் பேசும் ஊர்கள்தான், அட்டை மட்டும் தமிழ் பேசாது. 2007-இல் ராஜசேகர ரெட்டி காலத்தில் வந்த ஆரோக்யஸ்ரீ இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவா. ஆட்சி மாறினால் பெயர் மாறும், புதுப் பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆந்திர அரிசிக் கார்டு இருக்கும் குடும்பத்துக்குத் திருப்பதி ஸ்விம்ஸ் போன்ற இடங்களில் பெரிய சிகிச்சை வரை கிடைக்கும். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன இ.எஸ்.ஐ. விஷயம் அப்படியே பொருந்தும். சித்தூர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் போகிறார்கள். அப்படியானால் பாலிசி எடுக்கும் முன்பே அங்கே எந்த நிறுவனத்துக்கு கேஷ்லெஸ் உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதாக இருந்தால் மூல பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு ஒன்றுவிடாமல் வேண்டும்.

கிளைமை மறுத்தால்

மறுப்பு எழுத்தில் வர வேண்டும், எந்த விதியின்கீழ் என்றும் இருக்க வேண்டும். போனில் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 155255-ல், காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசாவிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடமோ, பாலிசி கொடுத்த கிளை இருக்கும் இடமோ, எது எந்த ஆம்புட்ஸ்மன் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போகலாம். வீடு பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில், பாலிசி கோயமுத்தூர்க் கிளையில் என்றால் கொச்சி அலுவலகமும் ஆகும், சென்னை அலுவலகமும் ஆகும். இரண்டிலும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. தமிழில் பேசி வாதாட வேண்டும் என்றால் சென்னையைத் தேர்ந்தெடுங்கள். விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் மனுவில் கொடுத்த விலாசத்துக்குத்தான் வரும், அதனால் ஊரில் யாராவது நிரந்தரமாக இருக்கும் வீட்டு விலாசத்தையும் ஒரு செல் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.